ஒன்பது இஞ்ச் பிரேக்

“ஒரிஜினல் பார்ட்ஸ்தான் சார் போட்டிருக்கேன்!”

மெக்கானிக் இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்குக் கை தானாக பர்ஸைத் தடவும். பில் பெரிசு என்பதற்கான முன்னறிவிப்பு அது. ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தைக்கு நம்மூரில் அப்படி ஒரு மரியாதை. ஒரிஜினல் சர்டிபிகேட், ஒரிஜினல் பத்திரம், ஒரிஜினல் நெய். டூப்ளிகேட் சகவாசம் அதிகமான ஊரில் ஒரிஜினலுக்கு மவுசு கூடத்தானே செய்யும்?

ஆனால், ஐம்பத்தைந்து வயசான ஒரு வண்டியில் எது ஒரிஜினல்? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? போன வருஷம் எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பொங்கலுக்கு ஆரம்பித்த பஞ்சாயத்து, தீபாவளி தாண்டித்தான் முடிந்தது. அதற்குள் நான் கற்றுக்கொண்டதில் கொஞ்சம் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஜீப் இல்லாவிட்டாலும் தாத்தாவின் சைக்கிளோ, அப்பாவின் ஸ்கூட்டரோ இருக்கும்தானே!

முதலில் கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வந்துவிடலாம். டிக்கெட் வேண்டாம்.

அங்கே ‘மஸில் கார்’ என்று ஒரு ஜாதி. 1964-ல் பான்டியாக் கம்பெனி நடுத்தர சைஸ் காரில் 6.4 லிட்டர் இன்ஜினைத் தூக்கி வைத்து, ஜி.டி.ஓ. என்று பேர் வைத்தது. பிள்ளையார் சுழி போட்டது அதுதான் என்பார்கள். அதற்கப்புறம் பத்து வருஷம் டெட்ராய்ட்டில் குதிரைத்திறன் போட்டிதான். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பேரல் மூன்று டாலர் சொச்சத்துக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. புகை விதிகளும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் ஏற்கெனவே கழுத்தைப் பிடித்திருக்க, ஆட்டம் க்ளோஸ்.

இப்போது அந்தக் கார்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு, பெரிய வியாபாரமும்கூட. அதில் மந்திரச் சொல், ‘மேட்சிங் நம்பர்ஸ்’. சேஸிஸில் இருக்கும் நம்பரும் இன்ஜினில் அடித்த நம்பரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இந்தக் காரோடு ஃபேக்டரியை விட்டு வெளியே வந்த அதே இன்ஜின்தான் என்று நிரூபணமாக வேண்டும். வார்ப்பில் போட்ட தேதி முதல் போல்ட்டின் தலையில் உள்ள குறி வரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். 1971 மாடல் பிளைமவுத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள், மொத்தமே பதினொன்றுதான் செய்தார்கள். அதில் ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அதைவிட எனக்குப் பிடித்த கதை வேறு. 1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங். 1974-ல் ராபர்ட் கீர்னன் என்பவர் அதை 6,000 டாலருக்கு வாங்கினார். அவர் மனைவி டீச்சர். அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார். 1977-ல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. அப்புறம் பல வருஷம் வண்டி மூலையில் கிடந்தது. மகன் ஷான் அதை மறுபடி ஓட வைத்தார். 2020 ஜனவரியில் ஏலம் போனபோது 37.4 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 26 கோடி ரூபாய்!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. துருவும் கீறலும் சினிமாக்காரர்கள் போட்ட ஓட்டையும் அப்படியே இருந்தன. மினுக்கியிருந்தால் விலை குறைந்திருக்கும். பல் விழுந்த பாட்டிக்குக் கிரீம் பூசிக் கூட்டிப்போனால் யாராவது நம்புவார்களா? அதுபோலத்தான்.

சரி, போடிக்கு வருவோம்.

போடிநாயக்கனூரில் மஸ்டாங் கிடையாது. ஆனால், எங்கள் ஊரின் மஸில், அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஜீப்!

போடியிலிருந்து மேற்கே முந்தல் தாண்டினால் மலை தொடங்கிவிடும். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலத் தோட்டம். ஏலக்காய் பறிக்கும் காலத்தில் விடிவதற்கு முன்னால் போடி, தேவாரம், கம்பம் பக்கங்களில் நின்று பாருங்கள். தூக்குவாளியும் தலைத்துணியுமாகப் பெண்கள் காத்திருப்பார்கள். ஜீப் வரும். ஏறுவார்கள். ஏறிக்கொண்டே இருப்பார்கள். ‘இதற்கு மேல் எப்படி’ என்று நாம் நினைக்கும்போது இன்னும் மூன்று பேர் ஏறுவார்கள். உங்கள் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஏலக்காய், இந்தப் பெண்களின் விரல் பட்டு வந்தது. அந்த விரல்கள் மலையேறியது ஜீப்பில்.

ஜீப் எங்கள் பக்கம் வந்த கதையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மதுரை - போடி ரயில் 1928-ல் வந்தது. மூணாறு தேயிலையும் மலை ஏலக்காயும் இறங்கிவர வழி கிடைத்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. 1942-ல், இரண்டாம் உலகப் போரைக் காரணம் காட்டி அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். மறுபடி ஓட 1950-கள் ஆயின. எந்தப் போர் எங்களிடமிருந்து ரயிலைப் பறித்ததோ, அதே போருக்காகத்தான் ஜீப் பிறந்தது. (அந்த ரயில் 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மறுபடி நின்று, 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பி வந்தது. ஜீப் ஒருநாளும் நிற்கவில்லை!)

1940-ல் அமெரிக்க ராணுவம், ‘49 நாளில் மாதிரி வண்டி வேண்டும்’ என்று கேட்டது. பான்டம் என்ற சின்னக் கம்பெனி ராப்பகலாக உழைத்து, செப்டம்பர் 23-ம் தேதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ‘சபாஷ்’ சொன்ன ராணுவம், பெரிய ஆர்டரை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டது! பான்டமுக்குக் கிடைத்தது பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் ஆர்டர். உழைத்தவனுக்கு டிரெய்லர்தான் என்பது உலக நியதி போலிருக்கிறது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்துவிட்டார்கள். வில்லிஸ் டிசைனில் வண்டி செய்ய நேர்ந்த ஃபோர்டு, மனசு கேட்காமல் தன் பார்ட்ஸில் எல்லாம் ‘எஃப்’ என்று எழுத்துப் பொறித்தது. போல்ட்டின் தலையில்கூட! இன்றைக்கும் பழைய ஜீப் பைத்தியங்கள், போல்ட்டைத் துடைத்து அந்த எழுத்தைத் தேடுகிறார்கள். கிடைத்தால் புதையல்.

இந்தியாவில் மஹிந்திரா கம்பெனி 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. அப்புறம் இங்கேயே செய்தது. அதில் நம் ஆட்களுக்கு ரொம்பப் பழக்கமானது சி.ஜே. 3பி. பானெட் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தலைப்பாகை கட்டியது போல. காரணம் அழகு இல்லை. ‘ஹரிகேன்’ என்ற புது இன்ஜினில் உள்ளே போகும் வால்வை மேலே ஹெட்டில் வைத்துவிட்டார்கள். இன்ஜின் உயரமானது. மூடி மூடவில்லை. அதனால் மூடியை உயர்த்திவிட்டார்கள்! அமெரிக்காவில் இந்த மாடல் 1968-ல் முடிந்தது. இங்கே அதற்கப்புறமும் பல காலம் பிறந்துகொண்டே இருந்தது.

எங்கள் சித்தப்பாவிடம் இருப்பது அப்படி ஒரு 3பி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு சின்னதாக ஏலத் தோட்டம். வண்டி 1968 மாடல். அவர் வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்தது. பெட்ரோல் வண்டி. மலையில் லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் கொடுத்தால் அது அதன் பெருந்தன்மை. 1991-ல் சித்தப்பா, “இனி முடியாதுப்பா” என்று பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, ஒரு மெட்டடார் டீசல் இன்ஜினை வைத்தார். ஆர்.சி. புத்தகத்திலும் முறையாக ஏற்றிவிட்டார். எங்கள் மலையில் அன்றைக்குப் பாதி ஜீப்கள் இப்படி இதயமாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவைதான். மஹிந்திராவே ஃபிரான்ஸ் நாட்டு பியூஜோ டீசல் இன்ஜினை லைசென்ஸ் வாங்கி ஜீப்பில் வைத்த காலம் அது.

இறக்கிய பெட்ரோல் இன்ஜினை சித்தப்பா விற்கவில்லை. பழைய இரும்புக்கடைக்காரர் கேட்ட எடைக்கு எடை விலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஏலக்காய் ஸ்டோரின் மூலையில், சாக்கு போட்டு மூடிவைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அது அங்கேயே தூங்கியது.

அதை எழுப்பியவன் சித்தப்பா மகன், என் தம்பி. பெங்களூரில் வேலை. அமெரிக்காவில் மூன்று வருஷம் இருந்தபோது மஸில் கார் கண்காட்சி பார்த்துப் பித்துப் பிடித்து வந்தவன். பொங்கலுக்கு வந்தான், சாக்கை விலக்கினான், இன்ஜின் நம்பரைத் துடைத்தான், ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டான். “அண்ணே! மேட்சிங் நம்பர்ஸ்ணே!” என்று அவன் போட்ட சத்தத்தில் ஸ்டோரில் இருந்த பூனை ஓடியே போனது.

அவன் முடிவு செய்துவிட்டான். வண்டி 1968-ல் எப்படி வந்ததோ, அப்படியே ஆக்க வேண்டும். ஒரு நட்டுகூட மாறக் கூடாது.

உங்களுக்கும் இப்படி ஆசை இருந்தால், வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப நாள் தூங்கிய இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிஸ்டன் இறுகியிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியே எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். அப்புறம் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் பிஸ்டன் போச்சு. எங்கள் போடி மேஸ்திரி பத்து நாள் ஊறவிட்டார். தினமும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை ஒருமுறை லேசாக அழுத்திப் பார்ப்பார். “இன்னும் கோவமா இருக்கு” என்பார். பதினோராம் நாள், “இறங்கி வந்துருச்சு” என்றார்.

அடுத்தது பார்ட்ஸ் வேட்டை. 3பி-க்கு ஒரு சௌகரியம், பல வருஷம் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட வண்டி. சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடலாம். ஹரியானாவில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர், ஜீப் கட்டுவதற்கே பேர்போனது. ராணுவம் ஏலத்தில் கழிக்கும் சரக்கு வழியாகவும் பார்ட்ஸ் வெளியே வரும். ஆனால், உஷார். பழைய பெட்டியில் புதுச் சரக்கைப் போட்டு, ‘அந்தக் காலத்து ஸ்டாக் சார்’ என்பவர்கள் உண்டு. வார்ப்பில் உள்ள நம்பரைப் பாருங்கள். எழுத்து மழுங்கி மங்கலாக இருந்தால், அசலை அச்சு எடுத்து வார்த்த நகலாக இருக்கலாம். அளவை மைக்ரோமீட்டரில் எடுங்கள். எடையைக் கையில் தூக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, பாடி. மலையில் பனியும் ஈரச் சாக்கும் சேர்ந்து தரைத் தகட்டைத் தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே விரல் நுழையும். துருவின் மேல் பட்டி பூசி மறைப்பது, வீங்கிய காலுக்குப் பட்டுவேட்டி கட்டுவது போல. துருப்பிடித்த இடத்தை முழுசாக வெட்டியெடுத்து, அதே கனத் தகட்டைத் தட்டி, வெல்டு வைக்க வேண்டும். எங்கள் வண்டியில் இன்னொரு பூதமும் கிளம்பியது. டீசல் இன்ஜின் கனம் அதிகம், அதிர்வும் அதிகம். முப்பது வருஷ ஆட்டத்தில், இன்ஜின் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சேஸிஸில் மயிரிழை போல விரிசல். நல்லவேளை, கழற்றியதால் கண்ணில் பட்டது.

நாலாவதுதான் யாரும் யோசிக்காதது. வண்டியை ஒரிஜினல் ஆக்கிவிடலாம். பெட்ரோல்? 1968-ல் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம்தான் அன்றைய வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்தது. 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். இப்போது அதில் 20 சதவிகிதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் ஹோஸும், பெட்ரோல் பம்ப்பின் டயாஃபிரமும் எத்தனாலில் ஊறி உப்பி, விரிந்து, கிழியும். பெட்ரோல் ஒழுகும். ஒழுகினால் தீ! எனவே, வால்வு சீட்டைக் கெட்டியான உலோகத்தில் மாற்றினோம். ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் புது ரகம். “ஹோஸ்கூட ஒரிஜினல் வேணும்” என்று ஆரம்பத்தில் அடம்பிடித்த தம்பி, மேஸ்திரி பழைய ஹோஸை விரலால் மடக்கிக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டான். முறுக்கு மாதிரி உடைந்தது.

இதுவரை எல்லாம் சமாதானமாகத்தான் போனது. பிரேக்கில்தான் வெடித்தது.

3பி-யின் பிரேக், ஒன்பது இஞ்ச் டிரம். நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. எங்கேயாவது ஓரிடத்தில் ஆயில் கசிந்தால், நாலு சக்கரத்திலும் பிரேக் காலி. மிதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி தன்பாட்டுக்குப் போகும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறி, பிடிமானமே போய்விடும். சித்தப்பா டீசல் வைத்த கையோடு பிற்கால மஹிந்திரா வண்டியின் பெரிய டிரம்மையும் மாட்டிவிட்டார். இப்போது தம்பி அதைக் கழற்றி, பழைய ஒன்பது இஞ்ச்சை மாட்டச் சொல்கிறான்.

டிரைவர் அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக அந்த ஜீப்பை ஓட்டுகிறவர். தோட்டத்துப் பெண்கள் அவர் பேரைச் சொல்ல மாட்டார்கள், ‘நம்ம வண்டிக்காரண்ணே’தான்.

“தம்பி, இன்ஜின மாத்துங்க, சந்தோசம். பெயின்ட மாத்துங்க. அந்த ஒம்பது இஞ்ச்ச மட்டும் மாட்டுனீங்கன்னா சாவிய நீங்களே வச்சுக்கங்க. நான் பொம்பளையாளுகள ஏத்த மாட்டேன்.”

“அண்ணே, ஆயிரக்கணக்கான ஜீப்பு அந்த பிரேக்லதானண்ணே மலையேறுச்சு?”

“ஏறுச்சு தம்பி. எறங்குறப்ப எத்தன எறங்கலைன்னு எங்ககிட்ட கேளுங்க.”

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஜீப் கவிழ்ந்ததில் ஆள் இழந்த வீடு இருக்கிறது. பேப்பரில் ‘கூலித் தொழிலாளர்கள் பலி’ என்று ஒரு காலம் செய்தியாக வரும். பேர்கூடச் சில சமயம் தப்பாக இருக்கும். ஆள் அதிகம், வேகம், மழை, மூடுபனி என்று காரணங்கள் அடுக்கப்படும். அதில் பிரேக்கும் ஒன்று.

சித்தப்பா ஒரு வழி சொன்னார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. சொன்னதோ பெரிய நியாயம்.

“திருவாரூர்த் தேர் இருக்குல்ல... முன்னாடியெல்லாம் முட்டுக்கட்டை போட்டுத்தான் நிறுத்துவாங்க. அப்புறம் திருச்சி பெல் கம்பெனிக்காரங்க இரும்புச் சக்கரம் செஞ்சு குடுத்தாங்க, பிரேக்கும் வச்சுக் குடுத்தாங்க. அதுக்காக, அது திருவாரூர்த் தேர் இல்லைன்னு யாராச்சும் சொல்றானா? சாமியே பிரேக் வச்ச தேர்ல வருது. நமக்கு என்னப்பா?”

நிஜம்தான். ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் உண்டு. வடம் பிடிப்பவர்களின் உயிர் முக்கியம் என்று யாரோ நினைத்ததால் வந்தது. தேர் ஒரிஜினலா, இல்லையா என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. ஊர் கூடி இழுக்கும்வரை அது ஒரிஜினல்தான்.

தம்பியிடமும் ஒரு நியாயம் இருந்தது. சட்டம் ஒரிஜினலுக்குத்தானே மரியாதை தருகிறது? 2021 ஜூலையில் மத்திய அரசு, பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயசு தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துடன் தனி வரிசை நம்பர். கௌரவம்தான். ஆனால், அந்த வண்டியை தினசரி ஓட்டக் கூடாது, தொழிலுக்கும் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக... அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றினால் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு யாராவது 1991-ல் சித்தப்பா செய்தது போல நினைத்தபடி இன்ஜின் மாற்ற நினைத்தால், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

நான் பி.காம். அதனால் என் பங்குக்கு ஒரு கணக்கு போட்டேன். வருமான வரிச் சட்டத்தின் தேய்மானக் கணக்கில் காருக்கு வருஷத்துக்கு 15 சதவிகிதம் கழிக்கலாம். மிச்சத்தில் அடுத்த வருஷம் 15. ஒரு லட்ச ரூபாய் வண்டி பத்து வருஷத்தில் 19,687 ரூபாய் ஆகிவிடும். முப்பது வருஷத்தில்? 763 ரூபாய்! ஒரு முழு ஜீப், புத்தகத்தில் எழுநூற்றுச் சொச்சம். கணக்குப் புத்தகத்துக்குத் தேய்மானம் தெரியும். ஒரு வண்டி முப்பது வருஷமாக ஓர் ஆளைக்கூட இழக்காமல் மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாது. டிரைவர் அண்ணனுக்குத் தெரியும்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன்.

பெட்ரோல் இன்ஜின் திரும்பவும் தன் வீட்டுக்கு வந்தது. டீசல் போய், கனம் குறைந்ததில் சேஸிஸுக்கும் நிம்மதி. விரிசலைக் கீறிச் சுத்தம் செய்து, வெல்டு வைத்து, மேலே தகடு கொடுத்தோம். ஆர்.சி.யில் மறுபடி ‘பெட்ரோல்’ என்று மாற்றுவதற்குள் தம்பிக்குத் தலைமுடியில் பாதி கொட்டியது. கியர்பாக்ஸ், இரட்டை லீவர், ஸ்பிரிங் பட்டை, மடக்கும் கண்ணாடி எல்லாம் அசல். பிரேக் மட்டும் பெரிய டிரம். கூடவே, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ள மாஸ்டர் சிலிண்டர். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும்.

ஆனால், ஒன்று செய்தோம். ஒன்பது இஞ்ச் டிரம்மையும் அதன் சாமான்களையும் தூக்கிப் போடவில்லை. துடைத்து, எண்ணெய் பூசி, ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டி, ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம். பழைய லைனிங்கை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது, நுரையீரலுக்கு எமன். பெரிய டிரம்மை மாட்டுவதற்காக வண்டியில் எந்த இடத்தையும் அறுக்கவோ, ஓட்டை போடவோ இல்லை. நாளைக்கு யாராவது கண்காட்சியில் நிறுத்த ஆசைப்பட்டால் ஒரே நாளில் பழையபடி மாற்றிவிடலாம். மியூசியத்தில் பழம்பொருளைச் செப்பனிடுகிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள்: நீ செய்த மாற்றத்தை, உனக்குப் பின்னால் வருகிறவன் கழற்ற முடிய வேண்டும்.

டிரைவர் அண்ணன் இரண்டாவதாக ஒரு நிபந்தனையும் போட்டார். “ஆர்.சி.ல எத்தன பேர் போட்டுருக்கோ, அத்தன பேருதான்.” பெட்ரோல் விற்கும் விலையில் சித்தப்பா ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு தலையாட்டினார். இப்போது அந்த ஜீப் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மலையேறுகிறது. மற்ற நாளுக்கு வேறு வண்டி பேசியிருக்கிறார். அதிலும் தலையை எண்ணித்தான் ஏற்றுகிறார்கள். செலவு கூடுகிறது. ‘ஒரு கிலோ ஏலக்காய்ல போகுது விடுப்பா’ என்கிறார் சித்தப்பா. விலை நன்றாக இருக்கும் வருஷத்தில் சொல்வது சுலபம். விலை விழும் வருஷத்திலும் அவர் இதையே சொல்ல வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

பராமரிப்பு பற்றிக் கேட்டீர்களானால், டிரைவர் அண்ணன் தினமும் செய்வது இதுதான். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார், தரையில் புதுசாக ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று. நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்க்கிறார், பிரேக் ஆயில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று. பெடலை மூன்று முறை அழுத்துகிறார். அப்புறம்தான் சாவி. இறங்கும்போது எந்த கியரில் ஏறினாரோ அதே கியர். இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை மிச்சம். வருஷம் ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுகிறார். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், எங்கள் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்? செலவு சொற்பம். பூதக்கண்ணாடி வேண்டாம், குனிய முதுகு வளைந்தால் போதும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருக்கிறதா? புதுப்பிக்க ஆசையா? மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளப் போகிறேனா, ஓட்டப்போகிறேனா? ஓட்டுவதென்றால் யார் இதில் ஏறப்போகிறார்கள்? நான் மாற்றுவதை நாளைக்கு ஒருவன் திரும்ப மாற்ற முடியுமா? பார்ப்பதற்கென்றால் ஒரு நட்டைக்கூட மாற்றாதீர்கள், துருவைக்கூட மதியுங்கள். ஓட்டுவதென்றால், நிற்க வைக்கிற சாமான், திருப்புகிற சாமான், தீப்பிடிக்கிற சாமான் இந்த மூன்றிலும் பழம்பெருமை பார்க்காதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், உங்கள் பர்ஸ்.

தம்பி இப்போது பெங்களூரிலிருந்து மாசத்துக்கு ஒருமுறை வருகிறான். அவனுடைய அமெரிக்க நண்பர் ஒருவர் வண்டியின் போட்டோ பார்த்துவிட்டு, “பிரேக் ஒரிஜினல் இல்லையே” என்று கேட்டாராம்.

தம்பி பதில் சொன்னானாம்: “டிரைவர் ஒரிஜினல்!”